இவ்வளவு பெரிய ஆனை எப்படிக் கண்ணில் படாமல் போகிறது?

மட்டக்களப்புப் படுவான்கரை வீதி ஒன்றில் இரவு மோட்டார் சைக்கிள் ஆனையில் மோதியது என்று செய்தி வந்தால், தேநீர்க் கடையில் முதலில் எழும் கேள்வி இதுதான்: "இந்தப் பெரிய ஆனை தெரியாமப் போகுமாகா?" பதிலும் கேட்டவரிடமே தயாராக இருக்கும். ஓட்டியவன் வெறியில் இருந்திருப்பான், இல்லாவிட்டால் போனைப் பார்த்திருப்பான். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் வெறி, போன், நித்திரை எதுவும் இல்லாமல் நல்ல கண்ணோடு ஓட்டுகிறவருக்கும் ஆனை மிகக் கிட்ட வரும்வரை தெரியாமல் இருப்பது நடக்கக்கூடியதுதான். வெளிச்சம் கண்ணுக்குள் விழுவதற்கும் "ஆனை" என்று மனம் சொல்வதற்கும் இடையில் பல படிகள் இருக்கின்றன. இரவில் அந்தப் படிகள் ஒவ்வொன்றும் ஆனையை மறைக்கிற பக்கமே சாய்கின்றன. உன்னிச்சை, வெல்லாவெளி, புல்லுமலை, லாகுகலைப் பக்கம் இருட்டில் போய்வருகிறவர்களுக்கும் வயல் காவலில் இருப்பவர்களுக்கும் உதவும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கண்ணிலிருந்து தொடங்கலாம். விழித்திரையில் வெளிச்சத்தை உணரும் கலங்கள் இரண்டு வகை. பகலில் நிறத்தையும் நுணுக்கத்தையும் தருகிற கூம்புகள் சுமார் 60 இலட்சம். மங்கலில் வேலை செய்கிற கோல்கள் 10 கோடி அளவில் இருக்கின்றன. இவ்வளவும் சேகரிக்கிற தகவல் மூளைக்குப் போவதோ சுமார் 10 இலட்சம் இழைகள் உள்ள ஒரு பார்வை நரம்பின் வழியாக. எல்லாவற்றையும் அப்படியே அனுப்ப இடமில்லை. அதனால் ஒரே மாதிரி இருக்கிற பரப்பைப் பற்றி விழித்திரை அதிகம் பேசுவதில்லை. வெளிச்சம் மாறுகிற இடத்தை, அதாவது ஓரத்தை, அழுத்திச் சொல்கிறது. ஆனைக்கு இதுவே முதல் வசதி. பரந்த, சீரான, மங்கல் சாம்பல் நிறப் பரப்பு அது. அதன் ஓரம் தெரியாவிட்டால் நடுப்பகுதி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கண்ணுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

கூர்மையான பார்வை இருக்கிற இடமும் மிகச் சிறியது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவுதான் விழித்திரையின் மையக்குழி முழு நுணுக்கத்தோடு பார்க்கிற பரப்பு. மற்றதெல்லாம் கலங்கல். ஒரு செக்கனுக்கு மூன்று தரம் அளவில் கண் தாவித்தாவி அந்தச் சின்ன வட்டத்தை வேறு வேறு இடத்தில் வைப்பதால், முழுக் காட்சியும் தெளிவாக இருப்பதுபோல் நமக்குப் படுகிறது. இதில் இரவுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மையக்குழியின் நடுவில் கோல்களே கிடையாது. நிலவில்லாத இரவில் ஒரு மங்கலான பொருளை நேரே உற்றுப் பார்த்தால் அது மறைந்துபோகும். பார்வையைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்தால் திரும்பத் தெரியும். கோல்கள் மிக நெருக்கமாக இருப்பது மையத்திலிருந்து 20 பாகை அளவு தள்ளி. நீட்டிய கையில் ஒரு சாண் விரித்தால் கிட்டத்தட்ட அந்த 20 பாகை வரும். அவ்வளவு தூரம் தள்ளவேண்டும் என்றில்லை, அரைச் சாண் தள்ளிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். உற்றுப் பார்த்தால் நன்றாகத் தெரியும் என்கிற பகல் பழக்கம்தான் காவல்காரனுக்கு இருட்டில் எதிரி. கண்ணை அசைக்காமல் ஒரே இடத்தில் குத்தி வைத்திருந்தால் ஓரப்பார்வையில் இருக்கிற மங்கல் உருவங்களும் கரைந்துவிடும். ட்ரொக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் 1804இலேயே எழுதி வைத்த விசயம் இது.

அடுத்தது இருட்டுக்குப் பழகுவது. கண்மணி 2 மில்லிமீற்றரிலிருந்து 8 மில்லிமீற்றர்வரை விரிந்தாலும் உள்ளே போகிற வெளிச்சம் 16 மடங்குதான் கூடும். மிச்ச வேலை முழுவதும் விழித்திரையின் இரசாயனம். முதல் 10 நிமிடத்தில் கூம்புகள் தங்களால் முடிந்த எல்லையைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு கோல்கள் மெதுவாக மேலே வரும். முழுதாகப் பழக 30, 40 நிமிடம் எடுக்கும். ஒரு தரம் போன் திரையைப் பார்த்தாலோ வெள்ளை எல்ஈடி டோச்சைக் கண்ணுக்கு நேரே அடித்தாலோ பெரும்பகுதி திரும்பவும் முதலிலிருந்து. கோல்கள் நீலப்பச்சை ஒளிக்கு மிகவும் கூர்மை, கடும் சிவப்பை அவை ஏறக்குறைய உணர்வதே இல்லை. காவல் பரணில் வெற்றிலைத் தட்டைத் தேடவும் பிளாஸ்கைத் திறக்கவும் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றிய டோச் போதும்.

இதில் காவல்காரனும் வண்டி ஓட்டுகிறவரும் ஒரே நிலையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பரணில் இருப்பவர் இருட்டுக்குப் பழகிய கண்ணோடு இருக்கிறார். ஓட்டுகிறவரின் கண்ணைச் சொந்த ஹெட்லைட்டே பழக விடாது. வெளிச்சம் விழுகிற துண்டு அவருக்குத் தெரியும், அதற்கு வெளியே அவர் கிட்டத்தட்டக் குருடர். எதிரே வண்டி ஒன்று வந்துபோனால் அடுத்த சில செக்கன்களுக்கு அந்தத் துண்டும் மங்கல். "எனக்குத் தூரத்திலயே தெரிஞ்சுது, அவனுக்கு ஏன் தெரியல்ல" என்று வயலில் நின்றவர் சொல்வதில் பொய் இல்லை, ஆனால் அது நியாயமான கேள்வியும் இல்லை.

டிம் லைட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் விபத்துக் கதைகளில் யாரும் இதைப் பேசுவதில்லை. எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்காதபடி டிம்மின் மேல்விளிம்பு வெட்டப்பட்டு, ஒளி கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். மோட்டார் சைக்கிளின் விளக்கு இருப்பது இடுப்புயரத்துக்கும் கீழே. ஆகவே தூரத்தில் வெளிச்சம் படுவது வீதியிலும், வீதியை ஒட்டிய கொஞ்ச உயரத்திலும்தான். வளர்ந்த ஆனையின் முதுகு இரண்டு மீற்றருக்கு மேல். காதும் தும்பிக்கையின் அடியும் முதுகின் வளைவும், அதாவது ஆனை என்று சொல்லக்கூடிய எல்லாமே, வெளிச்சத்துக்கு மேலே இருட்டில் இருக்கும். கண்ணுக்குக் கிடைப்பது மண் பூசிய நான்கு தடித்த கால்கள். ஓரத்தில் மருதமரம் நிற்கிற வீதியில் அவை நான்கு அடிமரங்கள். ஆனை தன் மேலே வாரிப் போட்டுக்கொள்வதும் அந்த இடத்து மண்ணையே என்பதால், கிறவல் வீதியில் அதன் நிறமும் கிறவல் நிறம்தான். மாட்டின் கண் பளிச்சென்று மின்னுவதை வைத்து மாட்டைக் கண்டுபிடித்துப் பழகியவர்கள் ஆனையிடமும் அதை எதிர்பார்க்கக் கூடாது. மாட்டின் கண் வெளிச்சத்தின் உயரத்தில் இருக்கிறது, விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கிற படலமும் அதற்கு உண்டு. ஆனையின் கண் சிறியது, தலையின் பக்கவாட்டில், டிம்முக்கு எட்டாத உயரத்தில்.

இனி மூளைக்குள். பிடரிப் பக்கத்து மூளைய மேற்பட்டையில் இருக்கிற நரம்புக் கலங்கள் ஒவ்வொன்றும் காட்சியின் ஒரு சிறு துண்டில், ஒரு குறிப்பிட்ட சாய்வில் இருக்கிற கோட்டுக்கோ ஓரத்துக்கோ தான் துடிக்கும். டேவிட் ஹூபலும் டோர்ஸ்டன் வீசலும் 1959இல் பூனைகளில் கண்டு எழுதியது இது. 1981இல் நோபல் பரிசும் கிடைத்தது. இந்தத் துண்டுக் கோடுகளைக் கோர்த்து உருவம் ஆக்குவது அடுத்தடுத்த பகுதிகளின் வேலை. அந்த வேலையில் ஒரு தீர்மானம் தவறாமல் எடுக்கப்படவேண்டும்: இந்த ஓரம் எந்தப் பக்கத்துக்குச் சொந்தம்? வலப்பக்கம் இருப்பது பொருளா, அல்லது இடப்பக்கம் இருப்பது பொருளாகி வலப்பக்கம் வெறும் பின்னணியா? அதற்கென்றே துடிக்கிற கலங்கள் குரங்குகளின் மூளையில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. வீதியில் நடக்கிற மிக மோசமான பிழை இந்த இடத்தில்தான். வெளிச்சம் பட்ட பற்றைகளுக்கு நடுவே ஒரு பெரிய கருமை. ஓரங்களைப் பற்றைகளுக்குக் கொடுத்துவிட்டால் அந்தக் கருமை ஒன்றுமில்லாத இடைவெளி, வீதி தொடர்ந்து போகிற திறப்பு. ஓட்டுகிறவர் அதை நோக்கியே போவார். ஆனையை அவர் பார்க்கவில்லை என்பதை விட, ஆனையை வழியாகப் பார்த்துவிட்டார் என்பதே சரி.

ஓரங்கள் கிடைத்தாலும் எந்த ஓரம் என்பது முக்கியம். எர்விங் பீடர்மன் 1987இல் வெளியிட்ட ஆய்வில், பொருட்களின் கோட்டுச் சித்திரங்களை எடுத்து, கோடுகளில் சில பகுதிகளை அழித்துக் காட்டினார். கோட்டின் நடுப்பகுதியை அழித்தால் மனம் இட்டு நிரப்பிக்கொண்டு பொருளைச் சொல்லிவிடுகிறது. அதே அளவு கோட்டை, கோடுகள் சந்திக்கிற மூலைகளிலும் உட்குழிந்து வளையும் இடங்களிலும் அழித்தால் திணறுகிறது. ஒரு பொருள் என்னென்ன உறுப்புகளால் ஆனது என்பதை மனம் பிரித்தெடுப்பது அந்தச் சந்திகளை வைத்துத்தான். ஆனையில் அந்தச் சந்திகள் தும்பிக்கை முகத்தில் சேருமிடம், காது கழுத்தில் சேருமிடம், கால் வயிற்றில் சேருமிடம். முதல் இரண்டும் வெளிச்சத்துக்கு மேலே. மூன்றாவதை வரம்பும் புல்லும் மறைக்கும். நிற்கிற கோணமும் சேர்ந்துகொள்ளும். ஒரு பொருளைப் பக்கமும் முன்னும் சேர்ந்து தெரிகிற சாய்கோணத்தில் பார்த்தால்தான் விரைவாகப் பெயர் வரும் என்பது ஸ்டீபன் பால்மரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1981இல் காட்டியது. பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஆனைக்குத் தும்பிக்கையும் இல்லை காதும் இல்லை. ஒரு வைக்கோற்போர் அளவு உருண்டை அது.

நேரத்துக்கு வருவோம். படம் ஒன்றை 20 மில்லிசெக்கன் மட்டும் காட்டி, அதில் மிருகம் இருக்கிறதா என்று கேட்ட சைமன் தோர்ப் குழுவின் 1996ஆம் ஆண்டுச் சோதனையில், மூளையின் மின்சமிக்ஞை 150 மில்லிசெக்கனுக்குள்ளேயே இருக்கிறது, இல்லை என்று பிரிந்துவிட்டது. ஆனால் அது நல்ல வெளிச்சப் படம், எதிர்பார்த்துக் காத்திருந்த ஆள். இருட்டில் கோல்களின் பதிலே கூம்புகளின் பதிலைவிடப் பிந்தி வருகிறது. வீதிக் கணக்குக்குப் பார்த்து, உணர்ந்து, பிறேக்கை அழுத்துவதற்கு ஒன்றரைச் செக்கன் என்று வைப்பதே பொருத்தம். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஒரு செக்கனுக்கு 16.7 மீற்றர், ஒன்றரைச் செக்கனில் 25 மீற்றர் போய்விடும். காய்ந்த தார் வீதியில் நிற்க இன்னும் 20 மீற்றர், மொத்தம் 45. மணிக்கு 40இல் அதே கணக்கு 17உம் 9உம், மொத்தம் 26 மீற்றர்தான். கிறவலில் பிறேக் தூரம் இரண்டு மடங்கு வரை போகும், ஈரமென்றால் அதை விடவும். டிம் லைட்டில் ஒரு கருத்த உருவத்தை 45 மீற்றரில் அடையாளம் காண்பேன் என்று நம்பி ஓட்டுவது வீண்துணிச்சல்.

கையும் காலும் சில நேரம் மனதுக்கு முந்தும். பார்வையின் பாதை மூளையில் இரண்டாகப் பிரிகிறது: ஒன்று கீழ்வழியாகப் போய் இது என்ன என்று சொல்லும், மற்றது மேல்வழியாகப் போய்க் கையை எங்கே எப்படி நீட்டுவது என்று நடத்தும். டேவிட் மில்னரும் மெல்வின் குட்டேலும் ஆராய்ந்த ஒரு பெண்ணுக்கு, காபன் மொனொக்சைட்டு நச்சால் மூளை பாதித்ததில், ஒரு பிளவு நேராக இருக்கிறதா சரிந்திருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. அதே பிளவுக்குள் அட்டையைப் போடச் சொன்னால் கை தானாகச் சரியாகத் திரும்பிப் போட்டது. "ஏதோ ஒண்டு, ஹான்டிலை வெட்டினேன், பிறகுதான் ஆனை எண்டு தெரியும்" என்று தப்பியவர்கள் சொல்வது இதனால்தான் நம்பத்தக்கது.

எதிர்பார்ப்பின் வேலை இவை எல்லாவற்றையும் விடப் பெரியது என்பது என் கருத்து. சமையலறைப் படத்தைக் காட்டிவிட்டு ஒரு கணம் பாணைக் காட்டினால் உடனே சொல்லுகிறார்கள். அதே இடத்தில் தபால்பெட்டியைக் காட்டினால் தடுமாறுகிறார்கள். 1975இல் நடந்த சோதனை இது. ஆனால் வீதிக்கு மிகப் பொருந்துவது ஜெரமி வுல்ஃபும் கூட்டாளிகளும் 2005இல் வெளியிட்ட முடிவு. நெருக்கமாகக் கிடக்கிற பொருட்களுக்குள் ஒரு குறிப்பிட்ட வகைப் பொருளைத் தேடவேண்டும். பாதிப் படங்களில் அது இருந்தபோது, இருந்தும் தவறவிட்டது 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் அது இருந்தபோது தவறவிட்டது 30 சதவீதம். கண்கள் அதே கண்கள்தான். அரிதாக வருவதை மனம் சீக்கிரமே இல்லை என்று தீர்த்துவிட்டு நகர்கிறது. ஒவ்வொரு நாளும் அதே வீதியில் வேலை முடிந்து வீடு போகிறவர்தான் இந்த 30 சதவீதத்துக்குக் கிட்ட. அவருடைய நூறு இரவில் தொண்ணூற்றொன்பதில் ஆனை இல்லை. புதிதாகப் போகிற ஆள் பயத்தில் நன்றாகப் பார்ப்பார். பெரும்போக நெல் முற்றுகிற தை, மாசி மாதங்களில் ஆனை வயலுக்கு இறங்குவது கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும்; தெரிந்ததைக் கண்ணுக்குப் புதிதாக ஒரு தரம் சொல்லிக் கொடுக்கவேண்டும். வீதியில் புது இலத்தியோ முறிந்த கொப்போ கண்டால் வேகத்தைக் குறைப்பதோடு, "ஆனை நிக்குது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓட்டினால் தேடல் மாறும். விசர்க்கதைபோல இருக்கும், ஆனால் எதைத் தேடுகிறோம் என்ற பெயரைக் காதில் கேட்பது அதைக் கண்டுபிடிப்பதைத் துரிதப்படுத்தும் என்பது சோதனையில் கண்டதுதான்.

ஆனையைத் தேடுவதை விட, மறைந்துபோனதைத் தேடுவது எளிது. வீதியோர வெள்ளைக்கோடு ஓரிடத்தில் அறுந்திருக்கிறதா, வரிசையாக மின்னி வந்த ஓரக்கட்டைகளில் ஒன்று மின்னவில்லையா, தூரத்து வீட்டு லைட் திடீரென அணைந்து திரும்ப எரிந்ததா. இவை கூர்மையான, நல்ல மாறுபாடுள்ள ஓரங்கள், கண்ணுக்குப் பிடித்தமானவை. முன்னால் ஏதோ நிற்கிறது என்பதை அந்த இடைவெளி சொல்லிவிடும். என்ன என்பதைப் பிறகு பார்க்கலாம். எதிரே வண்டி இல்லாத நேரமெல்லாம் ஹையில் போட்டு ஓட்டுங்கள், உயரத்துக்கும் வெளிச்சம் போகட்டும். கண்டுவிட்டால் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, ஹோர்ன் அடிக்காமல் திரும்பிப் போவதுதான்.

டோச்சைப் பிடிக்கிற விதமும் பார்வையை மாற்றும். நெற்றியில் கட்டுகிற லைட் கண்ணின் திசையிலேயே அடிப்பதால் பொருளின் நிழல் பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துவிடும். நிழல் இல்லாவிட்டால் மேடுபள்ளமும் இல்லை, எல்லாம் ஒரே தட்டை. டோச்சைக் கையில் எடுத்து முழங்கால் உயரத்தில், உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தால் நிழல் பக்கவாட்டில் நீண்டு விழும். வரம்பில் போகிறவருக்கு இது ஆனையைக் காண்பதை விடப் புடையன் பாம்பைக் காண உதவும். புடையனின் உடம்பில் ஓடுகிற கருத்த நீள்வட்டப் புள்ளிகள் அதன் வெளிக்கோட்டைத் துண்டுதுண்டாக உடைத்துவிடுவதால், சருகில் கிடக்கும்போது உருவமே சேராது. அதன் நிழலில் புள்ளி கிடையாது.

அசைவு வந்துவிட்டால் கதை வேறு. காதை ஒரு தரம் ஆட்டினாலே போதும். ஒரே விதமாக நகர்கிற ஓரங்களை மனம் உடனே ஒரு பொருளாகச் சேர்த்துவிடும். இந்தியாவில் பிறவிக் கண்புரை நீக்கிப் பார்வை பெற்ற பிள்ளைகளிலும் கண்டார்கள்: ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிற உருவங்களை ஆரம்பத்தில் பிரித்தறிய முடியாதவர்கள், அவை நகர்ந்தால் பிரித்துவிட்டார்கள். வெளிச்சம் பட்டதும் ஆனை பல நேரம் அசையாமல் நின்றுவிடுவதுதான் கெடுதி.

வயதும் கணக்கில் வரும். 60 வயதில் விழித்திரையை எட்டுகிற வெளிச்சம் 20 வயதில் எட்டியதன் மூன்றிலொரு பங்குதான். கண்மணி விரிவது குறைகிறது, வில்லை மஞ்சளாகிறது. கண்புரை தொடங்கியவருக்கு எதிர் லைட் காட்சி முழுக்கப் பால்போலப் பரவும். பகலில் கண் பரிசோதனை அட்டையைக் கடைசி வரிவரை வாசிப்பவரும் இதில் தோற்கலாம். அந்த அட்டை கன்னங்கரிய எழுத்தை வெள்ளையில் காட்டுகிறது, மங்கலில் மங்கலைப் பிரிப்பதைச் சோதிப்பதில்லை. மாலைக்கண் இருந்தால் அது உயிர்ச்சத்து ஏ குறைவாகவும் இருக்கலாம், விழித்திரை நோயாகவும் இருக்கலாம். முருங்கையிலையும் பப்பாசியும் நல்லவை, ஆனால் கண் டொக்டரிடம் ஒருமுறை காட்டிய பிறகு.

ஆனையைக் காண்பது இருக்கட்டும், நாமும் அதே வீதியில் மற்றவருக்குத் தெரியவேண்டும். 1973இல் குன்னார் யோஹான்சன், இருட்டில் நடக்கிற ஒருவரின் மூட்டுகளில் மட்டும் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகள் வைத்துப் படமெடுத்தார். புள்ளிகள் நின்றால் வெறும் புள்ளிகள். நடந்தவுடன், பார்ப்பவர்கள் ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் மனிதன் என்றார்கள். விடியப்புறம் வயலுக்கு நடக்கிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் ஒளிதெறிக்கும் ரேப்பை முதுகில் ஒட்டுவது வழக்கம். அது ஒரு மினுங்கலாக மட்டும் தெரியும். ஓரக்கட்டையா ஆளா என்று ஓட்டுகிறவருக்குப் பிரியாது. அதே ரேப்பில் இரண்டு விரல் அகலத் துண்டுகளை இரண்டு கணுக்காலையும் சுற்றிக் கட்டினால், மேலும் கீழும் போய்வருகிற அந்த அசைவே ஆள் என்று சொல்லிவிடும். டிம் லைட் நன்றாக விழுகிற உயரமும் அதுதான். முழங்காலிலும் ஒன்று சேர்த்தால் இன்னும் தூரத்திலிருந்து தெரியும். சாரத்தை மடித்துக் கட்டி நடப்பவர் காலில் நேரே கட்டலாம், நீளக் களிசான் போடுகிறவர் அதன் மேலே கட்டவேண்டும். சேறு பட்டால் துடைத்துவிடுங்கள், சேறு மூடிய ரேப் ஒளியைத் திருப்பாது. கட்டாக்காலி மாடுகளுக்கும் சிலர் கொம்பில் ஒட்டுகிறார்கள். மாட்டுக்காரர்கள் அதை முன்னங்காலுக்கு மாற்றினால் நல்லது.